புற்றுக்காளானா, நச்சுக்காளானா? மதுரைப் பக்கத்து மழைக்காளான்களைப் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையைச் சுற்றிய ஊர்களில் காளான் தேடுவோருக்கு ஆண்டில் இரண்டு பருவங்கள் உண்டு. சித்திரை, வைகாசியில் இடியோடு பெய்யும் கோடை மழைக்குப் பிந்திய சில நாள்கள் ஒன்று. புரட்டாசிக் கடைசியில் தொடங்கிக் கார்த்திகை வரை நீளும் வடகிழக்குப் பருவமழைக் காலம் மற்றொன்று. மேலூர், நத்தம், அழகர்கோவில், சிறுமலை அடிவாரம் ஆகிய பகுதிகளில் புற்றுக்காளான் எந்தப் புஞ்சையில், எந்த வேலியோரத்தில், எத்தனையாவது மழைக்கு முளைக்கும் என்பதைத் தலைமுறையாக அறிந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவு உண்மையானது. ஆனால் அது குறிப்பிட்ட இடத்தோடும் குறிப்பிட்ட காளானோடும் பிணைந்தது. "வெள்ளையாக, குடையாக, மழைக்குப் பின் முளைத்தது" என்ற அளவில் அந்த அறிவைச் சுருக்கி எடுத்துக்கொண்டு, விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள் தென்னந்தோப்பிலோ வீட்டுக் கொல்லையிலோ கண்டதைப் பறிக்கும்போதுதான் விபத்து நேர்கிறது. இந்த வழிகாட்டி முதன்மையாக அவர்களுக்காகவும், அவர்கள் பறித்து வந்ததைச் சமைக்க வேண்டியவர்களுக்காகவும் எழுதப்பட்டது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கீழே வருவன எல்லாம் ஒரு காளானை விலக்குவதற்கான படிகள். எந்தப் படியிலாவது ஐயம் எழுந்தால் அந்தக் காளானை விட்டுவிட வேண்டும். மீதமுள்ள படிகளில் அது தேறுகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. எல்லாப் படிகளிலும் தேறினாலும், அந்த வகையைப் பல ஆண்டுகளாக உண்டு பழகிய ஒருவர் நேரில் பார்த்து, கையில் எடுத்து உறுதி சொல்லாமல் அடுப்பில் ஏற்றக் கூடாது. கைப்பேசிச் செயலி காட்டும் பெயரையும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்து யாரோ சொன்ன பதிலையும் உறுதியாகக் கொள்ள முடியாது. மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதி படத்தில் தெரியாது. குடையின் அடியிலிருந்து உதிரும், காளானுக்கு விதை போன்ற ஸ்போர்த் தூளின் நிறமும் தெரியாது. ஒரு காளானை அடையாளம் காண உதவும் முதன்மையான சான்றுகள் இந்த இரண்டும்தான்.

நாம் தேடிப் போகும் நல்ல காளான்கள்

நம் பகுதியில் மக்கள் விரும்பித் தேடுவது புற்றுக்காளான். டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த இது கறையான்களோடு கூட்டு வாழ்க்கை நடத்துகிறது. கறையான்கள் உலர்ந்த இலை, சருகு, மரத்துகள் ஆகியவற்றை மென்று தங்கள் கூட்டுக்குள் துளைகள் நிறைந்த ஓர் அடையைக் கட்டுகின்றன. அந்த அடையில் இந்தப் பூஞ்சை வளர்ந்து, கறையானுக்கு உணவாகிறது. மழை மண்ணை ஊறவைக்கும்போது அந்த அடையிலிருந்து புறப்படும் தண்டு மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து குடை விரிக்கிறது. ஆகவே புற்றுக்காளானின் தண்டு மண்மட்டத்தில் முடிவதில்லை. கீழே வேராக நீண்டு, சில இடங்களில் ஒரு முழத்துக்கு மேலும் இறங்கி, கறையான் அடையில் போய் முடிகிறது. குடையின் நடுவில் கூரான, கெட்டியான முனை ஒன்று துருத்தி நிற்கும். மண்ணைத் துளைத்தது அந்த முனைதான். விரிந்த குடையின் விளிம்பு பெரும்பாலும் ஆரவாட்டில் கீறிக் கிழிந்திருக்கும். தண்டு உட்கூடாக இல்லாமல் நாரோடு கெட்டியாக இருக்கும். அடியில் பை இருக்காது. இந்தக் காளானை வணிக முறையில் வளர்த்தெடுக்க இன்றுவரை வழி கிடைக்கவில்லை என்பதால், அதன் சுவையை நாடுவோர் காட்டையும் மேட்டையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அடுத்தது வைக்கோல் காளான். பழைய வைக்கோற்படப்பின் அடியிலும், மட்கும் வைக்கோல் குவியலிலும் தானே முளைக்கும் இதன் அறிவியல் பெயர் வால்வேரியெல்லா வால்வேசியா. இளம் பருவத்தில் முழுக்காளானும் ஓர் உறைக்குள் உருண்டையாக மூடிக் கிடக்கும். உறை கிழிந்து குடை மேலெழுந்த பிறகும் தண்டின் அடியில் அந்த உறை ஒரு பையாகத் தங்கிவிடும். தண்டில் வளையம் இருக்காது. முதிரும்போது குடையின் அடிப்புறத்தில் மெல்லிய தகடுகளாக இருக்கும் செவுள்கள் இளஞ்சிவப்பாகும்.

மூன்றாவதாகச் சொல்லத்தக்கது பால்காளான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 என்ற பால்காளான் இரகம் அருப்புக்கோட்டையின் பெயரைத் தாங்கியது. அருப்புக்கோட்டை இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். 30 முதல் 35 பாகை வெப்பத்தில் நன்கு விளைவதால் மதுரை வெயிலுக்கு அது மிகவும் ஏற்றது. காளான் உண்ணும் ஆசைதான் காரணம் என்றால், குடில் அமைத்து வளர்ப்பவர்களிடம் இதை வாங்குவதே மிகப் பாதுகாப்பான வழி என்பதை வழிகாட்டியின் நடுவில் அன்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அதிகம் ஏமாற்றும் பச்சைச் செவுள் காளான்

வெப்பமண்டல நாடுகளில் காளான் நஞ்சேற்றத்துக்கு அதிகம் காரணமாகும் வகைகளுள் முன்னிற்பது குளோரோஃபில்லம் மோலிப்டைடிஸ். வீட்டுத் தோட்டம், பள்ளி விளையாட்டுத் திடல், பூங்காப் புல்வெளி, எருக்குழி ஓரம், சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்பு என்று மனிதர் நடமாடும் இடங்களிலேயே மழைக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் இது எழும். பல வேளைகளில் புல்லில் வட்ட வடிவில் வரிசையாக நிற்கும். குடை 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை விரியும். பார்ப்பதற்கு மிக அழகானது. சதையும் மணமும் உண்ணத்தக்கதாகவே தோன்றும். சுவையில் கசப்பு இல்லை. உண்டவர்கள் "நன்றாகத்தான் இருந்தது" என்றே சொல்கிறார்கள்.

இதன் பெயரில் உள்ள பச்சை, பறிப்பவர் கண்ணில் படுவதில்லை என்பதுதான் இதன் ஆபத்து. இளங்காளானின் செவுள்கள் தூய வெள்ளையாக இருக்கும். குடை முழுமையாக விரிந்து, ஸ்போர்கள் முதிர்ந்த பிறகே சாம்பல் கலந்த பச்சை படரும். நாமோ விரியாத, மொட்டான காளானையே இளசு என்று தேர்ந்து பறிக்கிறோம். ஆகவே "செவுள் வெள்ளையாக இருந்தது, பச்சையாக இல்லை" என்பது எதையும் மெய்ப்பிக்காது.

பச்சை தோன்றும் முன்பே இதைப் பிரித்தறிய நான்கு தடயங்கள் உண்டு. குடையின் உச்சியில் பழுப்பு நிறத் திட்டு ஒன்றும், அதைச் சுற்றிச் சிதறிய பழுப்புச் செதில்களும் இருக்கும். விரலால் தேய்த்தால் செதில்கள் உரிந்து வரும். தண்டில் தடித்த வளையம் ஒன்று இருக்கும். மெதுவாகப் பிடித்தால் அது தண்டின் மீது மேலும் கீழும் நகரும். தண்டின் அடி சற்றுப் பருத்து மண்மட்டத்திலேயே முடிந்துவிடும். கீழே நீண்ட வேர்ப்பகுதி இராது. நடுவில் கூரான கெட்டி முனை இருக்காது, உச்சி மழுங்கியிருக்கும். கடும் மழையில் செதில்கள் கழுவப்பட்டுப் போகலாம், கையாளும்போது வளையம் உதிர்ந்து போகலாம். அதனால்தான் தண்டின் அடி பற்றிய மூன்றாவது தடயத்தை நான் மற்ற மூன்றையும்விட உயர்வாக மதிக்கிறேன்.

இதை உண்டவருக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 மணி நேரத்துக்குள் குமட்டலும், அடக்க முடியாத வாந்தியும், வயிற்றுப்பிடிப்பும், நீராகப் போகும் பேதியும் தொடங்கும். சிலருக்குப் பேதியில் இரத்தம் கலக்கும். உயிரிழப்பு மிக அரிது. ஆனால் சிறு குழந்தைகளும் முதியோரும் உடல் நீரை விரைவாக இழந்து மிக மோசமான நிலைக்குப் போகக் கூடும் என்பதால், "வாந்தி எடுத்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் வைத்துக்கொள்வது தவறு.

முதற்படி: ஒடிக்காமல் தோண்டி எடுத்தல்

காளானைக் குடையைப் பிடித்து ஒடிக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். ஒடித்த காளான் தன் அடையாளத்தில் பாதியை மண்ணிலேயே விட்டுவிட்டு வருகிறது. களைக்கொத்தியாலோ சிறு கடப்பாரையாலோ தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் மண்ணைக் கிளறி, அடிப்பகுதி அறாமல் முழுதாக எடுக்க வேண்டும். மண்ணை உதறாமல் விரலால் மெல்ல விலக்கி, தண்டு எப்படி முடிகிறது என்று பார்க்க வேண்டும்.

வேராக நீண்டு இறங்கினால், அந்த வேர் எங்கே போய் முடிகிறது என்று கண்ணால் கண்ட பிறகே அதைப் புற்றுக்காளான் என்று கருத வேண்டும். கறையானும், தேன்கூட்டு வடிவிலான பழுப்பு அல்லது சாம்பல் நிற அடையும் கிடைத்தால் சரி. புதைந்து கிடக்கும் மரக்கட்டையிலோ மர வேரிலோ போய் முடியும் நீண்ட வேர் கொண்ட வேறு காளான்களும் இருக்கின்றன. ஆகவே வேர் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அதே போல, காளான் புற்றின் அருகில் நிற்கிறது என்பதும் போதாது. புற்றைச் சுற்றிக் குவிந்த சருகிலும் எருவிலும் பச்சைச் செவுள் காளான் முளைக்கத் தடை ஏதுமில்லை. மறுபுறம், மேலே மேடு எதுவும் தெரியாத சமதரையில், நிலத்தடிக் கறையான் கூட்டிலிருந்து உண்மையான புற்றுக்காளான் எழுவதும் வழக்கமே. புற்று கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை அல்ல, தண்டு அடையோடு இணைந்திருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

அடியில் பை இருந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. வைக்கோல் காளானுக்குப் பை உண்டு என்று மேலே சொன்னேன்; உலகிலேயே அதிக உயிர்களைப் பறித்த அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற கொலைக்காளானுக்கும் பை உண்டு. ஆசிய நாடுகளிலிருந்து வெளிநாடு சென்றவர்கள் இந்த ஒற்றுமையால் உயிரிழந்திருக்கிறார்கள். 2012-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில், புத்தாண்டு விருந்தில் சமைத்த கொலைக்காளானை உண்டு இருவர் இறந்தனர். அதை வைக்கோல் காளான் என்று கருதியதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தக் கொலைக்காளான் ஓக் முதலிய மரங்களின் வேரோடு இணைந்து வாழ்வது. மதுரைச் சமவெளியில் அதற்கு இடமில்லை. எனினும் அமானிட்டா பேரினத்தின் வேறு வகைகள் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. கொடைக்கானலின் பைன், தைல மரத் தோட்டங்களில் வெள்ளைப் புள்ளிகளோடு சிவந்து நிற்கும் அமானிட்டா மஸ்காரியாவை மலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஆகவே விதி எளியது: பை உள்ள காளான் மண்ணில் முளைத்திருந்தால் விட்டுவிட வேண்டும், வைக்கோலில் முளைத்திருந்தாலும், வளையம் இருந்தால் விட்டுவிட வேண்டும்.

உருண்டையாக மூடிய மொட்டு எதுவானாலும் உச்சியிலிருந்து அடி வரை நேராக இரண்டாக அரிந்து பார்க்க வேண்டும். உள்ளே குடையும் தண்டும் கோடாகத் தெரிந்தால் அது பின்னால் குடை விரிக்கப்போகும் ஏதோ ஒரு காளானின் மொட்டு, அமானிட்டாவாகவும் இருக்கலாம். உள்ளே கருத்த அல்லது ஊதா கலந்த சதை தெரிந்தால் அது உண்ணத் தகாத வேறோர் உருண்டைக் காளான். இரண்டையும் வீசிவிட வேண்டும்.

இரண்டாம் படி: ஸ்போர்த் தூளின் நிறத்தைப் பார்த்தல்

இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. ஓர் இரவுப் பொறுமை மட்டும் வேண்டும். நன்கு விரிந்த ஒரு குடையை எடுத்து, தண்டைச் செவுள் மட்டத்தோடு அறுத்துவிட்டு, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தின் மேல் செவுள் கீழ்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். காற்று படாமல் ஒரு கிண்ணத்தால் மூடி, இரவு முழுவதும் அசைக்காமல் விட வேண்டும். காலையில் குடையைத் தூக்கினால் செவுள்களின் ஆரக்கோடுகள் தூளாகப் பதிந்திருக்கும். அதன் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மின்விளக்கின் மஞ்சள் ஒளி நிறத்தை மாற்றிக் காட்டும்.

பச்சை அல்லது பாசி நிறம் படிந்திருந்தால் அது பச்சைச் செவுள் காளான், மறுபேச்சுக்கு இடமில்லை. புற்றுக்காளானின் தூள் வெளிறிய இளஞ்சிவப்பாகவும், வைக்கோல் காளானின் தூள் சற்று அடர்ந்த இளஞ்சிவப்பாகவும் இருக்கும். மண்பழுப்பாகவோ துருநிறமாகவோ இருந்தால் அந்தக் காளானை மண்ணில் புதைத்துவிட வேண்டும். தூய வெள்ளைதான் சிக்கலானது. பால்காளானின் தூளும் வெள்ளை, அமானிட்டாவின் தூளும் வெள்ளை, லெபியோட்டா என்ற பேரினத்துச் சிறு நச்சுக்காளான்களின் தூளும் வெள்ளை. எனவே வெள்ளைத் தூள் நல்லது என்று யாராவது சொன்னால் ஏற்கக் கூடாது. காட்டில் பறித்த வெண்காளான் வெள்ளைத் தூள் உதிர்த்தால், அனுபவமில்லாதவர் அதை உண்ணவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பால்காளானை வாங்கி உண்ண வழி இருக்கும்போது இந்த ஆபத்தைச் சுமக்க வேண்டிய தேவையே இல்லை.

விரியாத மொட்டிலிருந்து தூள் உதிராது. ஒரே இடத்தில் மொட்டும் விரிந்ததும் சேர்ந்து நின்றால், விரிந்ததை வைத்துச் சோதித்துவிட்டு, மொட்டு ஒவ்வொன்றையும் தோண்டி அடியைச் சரிபார்க்க வேண்டும். பக்கத்தில் நின்றதாலேயே இரண்டும் ஒரே வகை என்று ஆகிவிடாது.

சோதனைக்குள் காளான் கெட்டுவிடாதா என்று கேட்பார்கள். குடை ஒன்றைத் தவிர மற்றவற்றைக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஓர் இரவு தாங்கும். நெகிழிப் பையில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகும்; நல்ல காளானே அழுகினால் வயிற்றைக் கெடுக்கும். பறிக்கப் போகும்போதும் ஓலைக்கொட்டானோ துணிப்பையோ எடுத்துச் செல்வதே நல்லது. ஒவ்வோர் இடத்தில் பறித்ததையும் தனித்தனியே வைக்க வேண்டும்.

சிறுகாளான்களை விட்டுவிடுங்கள்

கறையான் வெளியே தள்ளிய அடைத்துகளிலிருந்து நூற்றுக்கணக்கில் கூட்டமாக முளைக்கும் சின்னஞ்சிறு புற்றுக்காளான் வகை ஒன்று உண்டு; அதைத் தெரிந்தவர்கள் விரும்பி உண்கிறார்கள். இருப்பினும், புதியவர் எவருக்கும் உள்ளங்கையைவிடச் சிறிய காளானைப் பறிக்க நான் பரிந்துரைப்பதில்லை. காரணம் இரண்டு. தோட்டத்து மண்ணிலும் சருகிலும் வளரும் சிறு லெபியோட்டாக்களுள் சில, கொலைக்காளானில் உள்ள அதே அமாடாக்சின் நஞ்சைக் கொண்டவை. குடையின் மேல் மெல்லிய செதில்களும், எளிதில் உதிர்ந்துவிடும் வளையமும் கொண்ட அவை, கூட்டமாக முளைக்கும்போது ஒரு நல்ல காளானாகவே தோன்றும். இனோசைபி என்ற மற்றொரு பேரினத்தின் குடை கூம்பாகவும், நடுவில் முனையோடும், விளிம்பு கீறியும் இருக்கும். மேலே புற்றுக்காளானுக்குச் சொன்ன அடையாளங்களில் இரண்டு அப்படியே பொருந்துகின்றன. ஆனால் அதன் ஸ்போர்த் தூள் மண்பழுப்பு. தண்டு கறையான் அடைக்குப் போவதில்லை. இனோசைபியில் உள்ள மஸ்கரின் என்ற நஞ்சு, உண்ட 15 நிமிடம் முதல் 2 மணி நேரத்துக்குள் உடல் நனையும் அளவுக்கு வியர்வையையும், எச்சில், கண்ணீர்ப் பெருக்கையும், மூச்சுத்திணறலையும், நாடித்துடிப்புக் குறைவையும் உண்டாக்கும். இதற்கு அட்ரோபின் என்ற மாற்றுமருந்து மருத்துவமனைகளில் இருக்கிறது.

கொடைக்கானல் பக்கம் போதை தரும் காளானைத் தேடிச் சிறுகாளான்களை வாயில் போடும் இளைஞர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவர்கள் தேடும் சிறிய பழுப்புக் காளானைப் போன்றே தோன்றும் வகைகளில் ஈரலை அழிப்பவையும் உண்டு.

வீட்டுச் சோதனைகள் ஏன் உதவாது

நம் வீடுகளில் வழங்கிவரும் சோதனைகள் பல. காளானோடு பூண்டைப் போட்டு வேகவைத்து, பூண்டு கறுத்தால் நஞ்சு என்பார்கள். வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு என்பார்கள். மஞ்சள்தூளும் உப்பும் போட்டு அலசினால் நஞ்சு முறியும் என்பார்கள். புழு, பூச்சி அரித்திருந்தால், ஆடு கடித்திருந்தால் நல்லது என்பார்கள். குடையின் தோல் உரிந்து வந்தால் நல்லது என்பவர்களும் உண்டு. இவற்றுள் ஒன்றுகூட நஞ்சைக் காட்டாது. வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால்; காளான் நஞ்சுகளோ வெள்ளியோடு வினைபுரிவதில்லை. நத்தையும் புழுவும் கொலைக்காளானைத் தின்று உயிரோடு இருக்கின்றன. அவற்றின் உடலும் நம் உடலும் வேறு. மஞ்சளும் உப்பும் மண்ணைப் போக்கும். அதற்கு மேல் ஒன்றும் செய்யா.

மூத்தோர் மீது மதிப்புக் கொண்டே இதைச் சொல்கிறேன். அவர்களைக் காப்பாற்றியது பூண்டு அன்று. பூண்டைப் போடுவதற்கு முன்பே, எந்த இடத்தில் எதைப் பறிக்க வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்த தேர்ச்சிதான். அந்தத் தேர்ச்சி இல்லாத கையில் பூண்டு மட்டும் மிஞ்சும்போது ஆபத்து பிறக்கிறது.

நன்றாக வேகவைத்தால் போதும் என்ற நம்பிக்கை இவற்றிலெல்லாம் கொடியது. அமாடாக்சின் கொதிநீரில் அழிவதில்லை. வறுத்தாலும், வெயிலில் வற்றலாக உலர்த்தினாலும், உறைய வைத்தாலும் அப்படியே இருக்கும். பச்சைச் செவுள் காளானின் நஞ்சையும் நம்பத்தக்க அளவுக்குச் சமையல் போக்குவதில்லை.

தாமதமாக வரும் வாந்தி

காளான் நஞ்சேற்றத்தில் நினைவில் வைக்க வேண்டிய முதன்மையான செய்தி நேரக் கணக்கு. உண்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் அது குடலைத் தாக்கும் நஞ்சு. துன்பம் மிகுதி, உயிராபத்து குறைவு. 6 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவு உண்டு விடியற்காலையில் தொடங்கும் வாந்தியும் பேதியும்தான் அஞ்சத்தக்கவை. அமாடாக்சின் அப்படித்தான் வரும். 6 முதல் 24 மணி நேரம் வரை எந்த அறிகுறியும் காட்டாது. பிறகு ஒரு நாள் கடுமையான பேதி. அதற்குப் பின் நோயாளி தேறிவிட்டதாகத் தோன்றும். எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார். வீட்டார் நிம்மதி அடைந்து, மருத்துவமனையில் இருந்தால் அழைத்துப் போய்விடவும் முற்படுவார்கள். அந்த நேரத்தில்தான் ஈரல் அழிந்துகொண்டிருக்கிறது. உயிரணுக்கள் புரதம் உண்டாக்கத் தேவையான நொதி ஒன்றை இந்த நஞ்சு முடக்கிவிடுவதால் ஈரல் அணுக்கள் மடிகின்றன. மூன்றாம் நாளுக்கு மேல் மஞ்சள் காமாலை, இரத்தக்கசிவு, நினைவிழப்பு என்று வெளிப்படுகிறது. 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக்காளான் உண்டு சில நாள்களுக்குள் 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். நம் மலைத்தோட்டங்களிலும் வேலைக்குச் செல்வோர் சமையலுக்குக் காளான் பறிக்கிறார்கள் என்பதால் அந்தச் செய்தியை நாம் தொலைவில் நடந்ததாகத் தள்ளிவிட முடியாது.

விரைவாக வாந்தி வந்தாலும் ஒரு விலக்கை மறக்கக் கூடாது. ஒரே குழம்பில் இரண்டு வகைக் காளான் கலந்திருந்தால், முதல் வகை விரைவாக வாந்தியைத் தந்துவிட்டு, இரண்டாம் வகை பின்னால் ஈரலைத் தாக்கலாம்.

மதுவோடு மட்டும் வினைபுரியும் மைக்காளான் ஒன்றும் உண்டு. தனியே உண்டால் துன்பம் தராது. உண்ட நாளிலோ அடுத்த சில நாள்களிலோ மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும்.

சமைப்பவர் செய்ய வேண்டியவை

யார் பறித்து வந்தாலும் சமைப்பவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. எங்கே பறித்தது, அடியோடு கொண்டுவந்தீர்களா, தூள் நிறம் பார்த்தீர்களா என்று கேட்டு, பதில் இல்லையென்றால் மறுத்துவிடலாம். குடும்பத்தில் மனத்தாங்கல் வரும் என்று தயங்கக் கூடாது. சாலையோரத்திலும், சாக்கடை, ஆலைக்கழிவு ஓரத்திலும், மருந்து தெளித்த பருத்திக் காட்டிலும் முளைத்ததை, நல்ல வகை என்றாலும் சமைக்கக் கூடாது. காளான் மண்ணிலுள்ள நச்சு உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது.

ஒரே சமையலில் ஒரே வகையை மட்டும் சேர்க்க வேண்டும். சமைக்கும் முன் முழுக்காளான் ஒன்றை, அடிப்பகுதியோடு, காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் 3 நாள் எடுத்து வைக்க வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவருக்கு அதுதான் வழிகாட்டும். புதிதாக உண்பவர் முதல் முறை ஓரிரு கவளத்தோடு நிறுத்திக்கொண்டு மறுநாள் வரை பொறுக்க வேண்டும். குழந்தைகளுக்கும், கருவுற்றவர்களுக்கும், ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் காட்டுக்காளானைத் தரவே கூடாது.

ஐயமான மாதிரியைக் காட்டிக் கேட்க வேண்டுமென்றால், ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரியின் தாவர நோயியல் துறையை அணுகலாம். காளான் ஆய்வும் வளர்ப்புப் பயிற்சியும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையின் பணிகளுள் அடங்கும்.

உண்டபின் உடல்நிலை கெட்டால்

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது உண்டார், முதல் வாந்தி எப்போது வந்தது. இந்த இரண்டு நேரங்களும் சிகிச்சையின் திசையையே மாற்றும். பிறகு 108-ஐ அழைக்க வேண்டும். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனைக்கு எந்த நேரத்திலும் செல்லலாம். அந்தக் குழம்பை உண்ட அனைவரும் செல்ல வேண்டும். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்பவரும் சேர்ந்தே செல்ல வேண்டும். புதுதில்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் மருத்துவரும் பொதுமக்களும் கேட்கலாம்.

உப்புக்கரைசலைக் குடிக்கவைத்தோ தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. மிகுந்த உப்பே குழந்தைகளுக்கு உயிராபத்தைத் தரும், அரைமயக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். பால், மோர், வசம்பு, வேப்பிலைச் சாறு என்று எதையும் கொடுத்து நேரத்தைக் கழிக்கக் கூடாது. நினைவோடு இருப்பவருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். நினைவு தடுமாறினால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதுவும் ஊற்றாமல் கொண்டு செல்ல வேண்டும்.

எடுத்து வைத்த காளான், நறுக்கும்போது ஒதுக்கிய துண்டுகள், மீந்த குழம்பு, முடிந்தால் வாந்தியின் சிறு பகுதி ஆகியவற்றை உடன் கொண்டு செல்ல வேண்டும். குப்பைக்கூடையைக் கிளறினாலும் தண்டின் அடித்துண்டு ஒன்று கிடைக்கக்கூடும். "ஏதோ உணவு ஒத்துக்கொள்ளவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், "காட்டுக்காளான் சாப்பிட்டு இத்தனை மணி நேரம் கழித்து வாந்தி வந்தது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வாந்தி 6 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கியிருந்தால், ஈரல் நொதிகளும் இரத்தம் உறையும் நேரமும் அடுத்த சில நாள்களுக்கு மீண்டும் மீண்டும் பார்க்கப்பட வேண்டும் என்பதை மருத்துவரிடம் நினைவூட்டத் தயங்க வேண்டாம். செயலூட்டிய கரி, சிரைவழி நீர்மங்கள், அசெட்டில்சிஸ்டீன், சிலிபினின் போன்றவற்றைத் தேவைக்கேற்ப மருத்துவர்கள் தொடங்குவார்கள். ஈரல் முற்றிலும் செயலிழந்தால் மாற்று அறுவை ஒன்றே வழியாகும். ஆகையால் பேதி நின்றதும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடாமல், மருத்துவர் விடும் வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

நோயாளியோடு ஒருவர் மருத்துவமனையில் இருக்கும்போது, வீட்டில் இருக்கும் மற்றொருவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதே தோப்பில் அன்று பறித்தவர்கள், அதே கூடையிலிருந்து விலைக்கு வாங்கியவர்கள், பங்காகப் பெற்ற அக்கம்பக்கத்தார் யார் யார் என்று கேட்டறிந்து, இன்னும் சமைக்காதவர்களை நிறுத்தவும், உண்டுவிட்டவர்களை உடனே மருத்துவமனைக்கு அனுப்பவும் வேண்டும்.